ஹீட்டரை அடைத்தவன்

குவைத்தின் ஃபஹாஹீலில் ஏசி மெக்கானிக் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான், கேஸ் அடிப்பது. வண்டி குளிரவில்லையா, கேஸ். சத்தம் போடுகிறதா, கேஸ். வீட்டில் பெண்டாட்டி பேசவில்லை என்று சொன்னாலும் கேஸ் அடித்துப் பார்க்கலாம் என்பார்கள். கிளிட்டஸ் அந்தக் கூட்டத்தில் சேர்த்தி இல்லை. குளச்சல்காரன். நாகர்கோவிலில் ஐடிஐ முடித்து, பம்பாயில் கொஞ்ச காலம் அடிபட்டு, குவைத்துக்கு வந்து சேர்ந்தவன். ஒரு வண்டியைத் திறந்தால் முதலில் கேஸ் சிலிண்டரைத் தேட மாட்டான். கையைக் கட்டிக்கொண்டு நின்று கொஞ்ச நேரம் பார்ப்பான். பார்த்துக்கொண்டிருக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் கடித்துக் குதறிவிடுவான்.

கோபம் மூக்குக்கு மேல் இருந்தது என்றால், பேரின் மேல் ஆசை அதற்கும் மேலே இருந்தது. "கிளிட்டஸ் கை வச்சா திரும்ப வராது" என்று டிரைவர்கள் சொல்வார்கள். அதைத் தன் காதால் கேட்பதற்காகவே டீக்கடையில் ஒரு டீக்குப் பதில் இரண்டு குடிப்பான். ஊரில் இருந்த மனைவி இன்பமணிக்கு வெள்ளிக்கிழமை போன் போட்டால், மகள் சுபிஷாவின் படிப்பைக் கேட்பதற்கு முன்னால் அந்த வாரம் எந்த வண்டியைக் குளிர வைத்தான் என்பதைத்தான் சொல்வான். அவளும் பொறுமையாக உம் கொட்டுவாள்.

அந்தப் பேருக்கு ஒரு சோதனை 2007 கோடையில் வந்தது. கொண்டு வந்தது லுக்மான்.

லுக்மான் தொண்டிக்காரன். கிளிட்டஸைவிட எட்டுப் பத்து வயது இளையவன். மளிகைக்கடைக்கு மேலே இருந்த ஒரே ரூமில்தான் இருவருக்கும் கட்டில். அவன் ஓட்டியது சப்பை மூஞ்சி ஐரோப்பிய லாரி. அந்த ஊர்க்காரர்கள் ஓட்டித் தீர்த்துக் கழித்துவிட்டதை இங்கே ஒரு அரபி வாங்கிக் காய்கறி லோடுக்கு விட்டிருந்தார். வடக்கே ஈராக் எல்லையோரம் அப்தலியில் இருக்கும் தோட்டங்களுக்குச் சாயங்காலம் போய்ச் சேர வேண்டும். கேபினிலேயே படுத்துக் கிடந்து, விடியக்காலையில் தக்காளியும் வெள்ளரியும் ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குத் திரும்ப வேண்டும்.

"அண்ணே, ஏசி அனலா வருதுண்ணே" என்றான்.

கிளிட்டஸ் காரேஜில் வண்டியை ஓடவிட்டுப் பார்த்தான். குளிர்ந்தது. காற்று வரும் ஓட்டையில் கையை வைத்தால் விரல் விறைத்தது. "நல்லாத்தானே இருக்குடே" என்று அனுப்பிவிட்டான். மூன்றாம் நாள் லுக்மான் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ள வந்து நின்றான். மறுபடியும் காரேஜில் குளிர்ந்தது. ஃபோர்மேன் கல்யாணசுந்தரம் மாயவரத்துக்காரர், எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர். அவர் சிரித்தார். "வண்டியில ஒண்ணும் இல்லய்யா. டிரைவருக்கு டூட்டி போக மனசில்ல, அதான் கோளாறு."

லுக்மானின் முகம் செத்துப்போனது. அதைப் பார்த்ததும் கிளிட்டஸுக்கு ரோஷம் வந்தது. கூட்டாளிக்காகப் பாதி, தன் பேருக்காகப் பாதி. "வண்டியை எடு. நானும் வாறேன்" என்று ஏறி உட்கார்ந்தான்.

ஜஹ்ரா தாண்டும்வரை ஒரு குறையும் இல்லை. முத்லா மேட்டில் ஏறி, வண்டி குலுங்கிக் குலுங்கி இறங்கியபோது காற்று மாறியது. முதலில் சில்லென்றது போய் வெதுவெதுப்பு, அப்புறம் இட்லிச் சட்டியைத் திறந்த மாதிரி ஒரு சூடு. வெளியே ஐம்பதைத் தொடும் வெயில். கிளிட்டஸ் வண்டியை ஓரம் கட்டச் சொன்னான். கேபினை முன்பக்கம் கவிழ்த்து, அடியில் போகும் குழாய்களை ஒவ்வொன்றாகத் தொட்டான். ஏசிக் குழாய் குளிர்ந்து வியர்த்திருந்தது. பக்கத்தில் தடித்த ரப்பர் குழாய் இரண்டு இருந்தன. தொட்ட கையை உதறிக்கொண்டான்.

"ஏசிக்கு ஒண்ணுமில்லடே. ஹீட்டர் திறந்து கிடக்கு!"

பனிநாட்டுக்காகச் செய்த வண்டி அது. எஞ்சினில் சூடேறிய தண்ணீர் கேபினுக்குள் ஒரு பெட்டிக்கு வந்து, காற்றைச் சூடாக்கிவிட்டுத் திரும்பிப் போகும். ஏசி என்பது குவைத்துக்கு வந்த பிறகு ஒட்டவைத்தது. இரண்டு காற்றும் ஒரே பெட்டி வழியாகத்தான் வர வேண்டும். டேஷ்போர்டில் சிவப்பும் நீலமும் போட்ட ஒரு கம்பி, அதிலிருந்து ஒரு கேபிள், கேபிளின் முனையில் வெந்நீரைத் திறந்து மூடும் வால்வு. லுக்மான் கம்பியை எந்நேரமும் நீலத்தில்தான் வைத்திருந்தான். ஆனால் கேபிளைப் பிடிக்கும் கிளிப் எப்போதோ உடைந்து போயிருந்தது, வால்வும் தேய்ந்து லொடலொடத்தது. நின்றால் மூடிக்கிடக்கும். ரோட்டில் குலுங்கினால் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொள்ளும். காரேஜில் நிழலில் நிறுத்தி வைத்துப் பார்க்கிறவன் கண்ணுக்கு ஆயுசுக்கும் அகப்படாத கோளாறு.

அன்றைக்குக் கிளிட்டஸின் சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். நடுரோட்டில் குதித்தான். "டிரைவருக்கு மனசில்லையாம்! சொல்லுதேன் அந்தாளுக்கு!" என்று மாயவரத்துக்காரரைக் கண் காணாத தூரத்திலிருந்து ஒரு பிடி பிடித்தான்.

புது வால்வு குவைத்தில் கிடைக்காது. ஷுவைக் பக்கம் பழைய வண்டி உடைக்கிற இடங்களில் தேடினால் என்றைக்காவது அகப்படலாம். அதுவரைக்கும் என்ன செய்வது? எல்லாக் காரேஜிலும் செய்வதைத்தான் அவனும் செய்தான். கேபினுக்குள் போகும் வெந்நீர்க் குழாயை அறுத்து, ஒரு துண்டு பைப்பை வைத்து, வந்த வழியே எஞ்சினுக்குத் திருப்பிவிட்டான். ஹீட்டர் பெட்டி காய்ந்து போனது. இனி எந்தக் குலுக்கலுக்கும் கேபினுக்குள் சூடு வர வழியில்லை. பாலைவனத்தில் ஹீட்டர் எதற்கு என்று அந்த ஊர் மெக்கானிக் ஒருவனுக்கும் தோன்றியதில்லை. கிளிட்டஸுக்கும் தோன்றவில்லை. வால்வு கிடைத்ததும் ஒழுங்காக மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தான், அவ்வளவுதான்.

லுக்மான் போர்வை போர்த்திக்கொண்டு லாரி ஓட்டுகிறான் என்ற செய்தி மார்க்கெட் முழுக்கப் பரவியது. அதே ஜாதி லாரி வைத்திருந்த பட்டாணியர்களும் எகிப்துக்காரர்களும் வந்து "ஹீட்டர் மாஃபி, பாய், ஹீட்டர் கலாஸ்" என்று, அதாவது ஹீட்டரே வேண்டாம், தீர்த்துக்கட்டு என்று கேட்டு அடைத்துக்கொண்டு போனார்கள். கிளிட்டஸ் டீக்கடையில் மூன்று டீ குடிக்க ஆரம்பித்தான்.

நவம்பர் முடியும்போது காற்று திரும்பியது. குவைத்தில் குளிரா என்று ஊரில் சிரிப்பார்கள். டிசம்பர், ஜனவரியில் வடக்குப் பக்கம் ஒரு ராத்திரி படுத்து எழுந்தால் அந்தச் சிரிப்பு போய்விடும். தடுக்க ஒரு மரம் கிடையாது, ஒரு குன்று கிடையாது. ஈராக்கிலிருந்து நேரே வரும் காற்று தகரத்தைத் துளைத்துக்கொண்டு எலும்புக்குள் போகும்.

ஒருநாள் ரூமில் சோறு ஆக்கிக்கொண்டிருக்கும்போது லுக்மான் கேட்டான். "அண்ணே, அந்த ஹீட்டரைத் திறந்து விடலாமாண்ணே? கேபின்ல படுக்க முடியல."

கிளிட்டஸ் வெங்காயம் நறுக்கிய கையோடு திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "குவைத்துல ஹீட்டர் கேட்ட மொத ஆளு நீதாண்டே!"

லுக்மானும் சேர்ந்து சிரித்தான். கேட்டது அத்தோடு போயிற்று.

டிசம்பரில் வால்வு கிடைத்தது. ஷுவைக்கில் ஒரு நொறுங்கிய லாரியிலிருந்து கிளிட்டஸே கழற்றி வந்தான். கேபிளும் கிளிப்புமாக முழுசு. துடைத்து, வாயால் ஊதிப் பார்த்து, காரேஜ் சுவரில் ஆணியில் மாட்டினான். "கிறிஸ்மஸ் கழியட்டும்" என்றான். கிறிஸ்மஸ் கழிந்தது. "புதுவருசம் கழியட்டும்" என்றான். அதுவும் கழிந்தது.

வேலை இல்லாமலா? ஏசிக்காரனுக்குக் குளிர்காலத்தில் என்ன வேலை, பாதி நாள் வெயில் காய்வதுதான் வேலை. நேரம் இருந்தது, சாமான் இருந்தது. மனசுதான் வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம்: அவனுக்குப் பயம். பழைய வால்வு, அதுவும் இன்னொரு வண்டியில் அடிபட்டது. அதை மாட்டி, அடுத்த கோடையில் மறுபடியும் அது கசிந்து, லுக்மானின் லாரி மறுபடியும் அனலடித்தால்? கிளிட்டஸ் கை வைத்த வண்டி திரும்ப வந்துவிட்டது என்று மார்க்கெட்டில் பேசினால்? நன்றாக இருப்பதை எதற்குக் கிண்ட வேண்டும் என்று இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தான். அதைப் பயம் என்று அவன் தன்னிடமே ஒத்துக்கொள்ளவில்லை, அதனால்தான் கேட்டவன் மேல் கோபமாக வந்தது.

ஜனவரியில் குவைத்துக்காரர்களே ஆச்சரியப்படும் அளவுக்குக் குளிர் இறங்கியது. அப்தலியில் தக்காளிச் செடியெல்லாம் கருகியது. அங்கிருந்து லுக்மான் போன் போட்டான். குரல் நடுங்கியது.

"அண்ணே, கை வெறைச்சுப் போச்சுண்ணே. எஞ்சினை ஓடவிட்டுப் படுத்தாலும் சூடு வரமாட்டேங்குது. வெள்ளிக்கிழமை கட்டாயம் அதை மாட்டிருங்கண்ணே."

"சும்மா அதையே புடிச்சு நிக்காதடே! கோடையில ஏசி வேணும்னு சொன்ன, செஞ்சு தந்தேன். இப்போ ஹீட்டர் வேணும்ங்குத. ஒரு நல்ல கம்பளி வாங்கிப் போடு."

"சரிண்ணே" என்றான் லுக்மான். அந்தச் 'சரி'யில் ஒரு கோபமும் இல்லை. கோபம் இருந்திருந்தால் கிளிட்டஸும் பதிலுக்கு நாலு கத்திவிட்டு, மறுநாள் மனசு கேட்காமல் ஸ்பானரை எடுத்திருப்பான்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் லோடு ஏற்றி முடித்ததும் லுக்மான் ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். கிளம்பிவிட்டேன் என்று அர்த்தம். அந்த மணிச்சத்தத்தில்தான் கிளிட்டஸ் எழுந்து பல் விளக்குவான். அடுத்த புதன்கிழமை அந்த மிஸ்டு கால் வரவில்லை. தானாக விழித்துப் பார்த்தால் ஜன்னலில் வெயில். முதலில் எரிச்சல்தான் வந்தது. கோபித்துக்கொண்டான் போலிருக்கிறது என்று நினைத்தான். பல் விளக்கிவிட்டு அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தான். லுக்மான் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

தோட்டத்தில் வேலை பார்க்கும் அழகுமலையின் நம்பர் அவனிடம் இருந்தது. திண்டுக்கல் பக்கத்து ஆள். சாது.

"லாரி நிக்குதுண்ணே. இன்னும் எந்திரிக்கல. கண்ணாடி பூராம் ஆவி படிஞ்சு கெடக்கு. அசந்து தூங்குறாரு, எழுப்ப மனசு வரல."

"எஞ்சின் ஓடுதா?"

"இல்லண்ணே. ஆப் பண்ணித்தான் கெடக்கு. நேத்து ரொம்ப குளிருதுன்னு கேட்டாரு. நாந்தான் பெயிண்ட் டப்பாவுல கங்கு அள்ளிக் குடுத்தேன். உள்ள வச்சுக்கிட்டாரு."

அடைத்த இடத்தில் கரி எரிந்தால் என்ன ஆகும் என்று எஞ்சினோடு புழங்குகிறவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. போன வருஷம் அந்தப் பக்கத்திலேயே ஒரு கூடாரத்தில் காவல்காரன் ஒருவன் கரிச்சட்டியை வைத்துக்கொண்டு தூங்கி, தூக்கத்திலேயே போய்விட்டான்.

"கதவைத் தொற! அழகு, ஓடு, கதவைத் தொற!"

செருப்புச் சத்தம் கேட்டது. தகரத்தைத் தட்டும் சத்தம் கேட்டது. "பூட்டியிருக்குண்ணே. காத்து வரக்கூடாதுன்னு இடுக்கெல்லாம் துணிய வச்சு அடைச்சிருக்காரு. கூப்புட்டா ஆள் அசையல."

"கண்ணாடியை உடை!"

"அண்ணே, அரபி வண்டிண்ணே... என்னயக் கேப்பாக..."

"எல, அவன் செத்துருவாம்ல! உடைல! நாங் கண்ணாடி வாங்கித் தாறேன், என் தலையை அடகு வச்சு வாங்கித் தாறேன், உடைல!" கிளிட்டஸ் ரூமில் நின்று கத்தியதில் கீழே மளிகைக்கடைக்காரர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

போனில் கண்ணாடி நொறுங்கியது. பிறகு அழகுமலை யாரையோ இந்தியில் கூப்பிட்டான். பிறகு எதையோ இழுக்கும் சத்தம். பிறகு அழகுமலை அழ ஆரம்பித்தான், போன் கட்டாகிவிட்டது.

காரேஜ் பிக்கப்பை எடுத்துக்கொண்டு கிளிட்டஸ் ஓட்டிய ஓட்டத்தை அவனால் பிற்பாடு நினைவுபடுத்திச் சொல்ல முடிந்ததில்லை. ஜஹ்ரா வரும்போது அழகுமலை மறுபடியும் கூப்பிட்டான். மூச்சு இருக்கிறது, ஆம்புலன்ஸ் ஏற்றிப் போய்விட்டது என்றான். கிளிட்டஸ் வண்டியை ஓரம் கட்டி, ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதான். மாதாவே, மாதாவே என்பதற்கு மேல் ஒரு வார்த்தை ஜெபம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அன்றைக்கு உள்ளே விடவில்லை. பிழைத்துக்கொள்வான் என்று மலையாளி நர்ஸ் சொன்னாள், ஆனால் முழுசாகச் சொல்லவில்லை. மூளைக்குக் காற்று போகாமல் கிடந்திருக்கிறது, ஞாபகம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், எதுவரைக்கும் திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றாள்.

காரேஜுக்கு வந்து கல்யாணசுந்தரத்திடம் எல்லாவற்றையும் சொன்னான். "கரி போட்டது அவன்ய்யா. நீயா போட்ட? ஹீட்டர் அடைக்காத காரேஜ் எது இந்த ஊர்ல? போலீஸ்காரன் உன்னய ஒண்ணும் கேக்கல. கேக்காதவன்கிட்ட வாயக் குடுக்காத." நல்ல மனசோடுதான் சொன்னார். அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அதனால்தான் கிளிட்டஸுக்கு அது கொஞ்சமும் ஆறுதலாக இல்லை.

மறுநாள் லாரியைக் கட்டி இழுத்து வந்து விட்டிருந்தார்கள். உள்ளே கண்ணாடித் துண்டும், கம்பளியும், சாம்பலும் அப்படியே கிடந்தன. கம்பளி புதுசு. கிளிட்டஸ் சொன்னபடி வாங்கியிருக்கிறான். கிளிட்டஸ் யாரையும் கேட்காமல் கேபினைக் கவிழ்த்தான். ஆணியிலிருந்த வால்வை எடுத்து மாட்டினான், கேபிளை இழுத்துப் பிடித்தான், துண்டு பைப்பை உருவி எறிந்தான். எஞ்சினை ஓடவிட்டுக் கம்பியைச் சிவப்புக்குத் தள்ளினான். கேபின் நிறையச் சூடு வந்தது. நீலத்துக்குத் தள்ளினான், நின்றது. பிடிவாதமாக வண்டியை ரோட்டில் எடுத்துப்போய்க் குலுக்கிப் பார்த்தான். ஒரு சொட்டுக் கசியவில்லை. மத்தியானச் சோற்றுக்கு முன்னால் எல்லா வேலையும் முடிந்துவிட்டது. ரெண்டு மாசமாக இழுத்த வேலை. உண்மையிலேயே நாலைந்து நாள் வேலையாக இருந்திருக்கக் கூடாதா என்று அவனுக்கு இருந்தது.

வெள்ளிக்கிழமை உள்ளே விட்டார்கள். லுக்மான் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் வீங்கியிருந்தது. கிளிட்டஸைப் பார்த்ததும் சிரித்தான், அடையாளம் தெரிகிறது என்று கிளிட்டஸுக்குப் பாதி உயிர் வந்தது.

"நோன்பு முடிஞ்சு போச்சாமேண்ணே?" என்றான். நோன்பு முடிந்து மூன்று மாதத்துக்கு மேலாகியிருந்தது. கிளிட்டஸ் தலையாட்டினான். கொஞ்ச நேரம் கழித்து லுக்மான் அதையே மறுபடியும் கேட்டான். கேட்டதைத் தானே உணர்ந்து வெட்கப்பட்டான்.

"தலைக்குள்ள எதுவும் நிக்க மாட்டேங்குதுண்ணே. ஏசி நல்லா வேலை செஞ்சது தெரியுது. நீங்க நடுரோட்டுல குதிச்சது தெரியுது. அதுக்கப்புறம் ஒண்ணும் தெரியல. அழகுமலை வந்து சொன்னாரு, நீங்க போன்ல கத்துனதுலதான் நான் பொழைச்சேன்னு. நஸீஹாகிட்டயும் சொல்லிட்டேன். உங்களுக்காக அழுது துஆ கேட்டுக்கிட்டிருக்கா."

நஸீஹா அவன் மனைவி. கல்யாணமாகி ஒரு வருஷம். கிளிட்டஸ் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். மாயவரத்துக்காரரின் குரல் காதில் கேட்டது. கேட்காதவனிடம் வாயைக் கொடுக்காதே.

லுக்மானே கேட்டான். "ஒண்ணுதாண்ணே புரியல. அம்புட்டுக் குளிருல கரியைப் போட்டுக்கிட்டு ஏன் கெடந்தேன்? ஒரே ரூம்ல இருக்கோம். உங்ககிட்ட ஒரு வார்த்தை ஹீட்டரைத் திறந்து விடுங்கண்ணேன்னு சொல்லியிருக்கலாம்ல. அதைச் சொல்லாம விட்டிருக்கேன் பாருங்க, புத்திகெட்டவன்."

"சொன்னடே" என்றான் கிளிட்டஸ். "ரூம்ல சொன்ன. போன்லயும் சொன்ன. நாந்தான் கேக்கல. சாமான் ஆணியில தொங்கிச்சு, நான் மாட்டல. என் பேரு போயிரும்னு மாட்டல."

லுக்மான் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் யோசித்தான். எங்கேயாவது அகப்படுகிறதா என்று உள்ளுக்குள் தேடுவது முகத்தில் தெரிந்தது. பிறகு தலையை ஆட்டினான். கையை நீட்டி, கம்பியைப் பிடித்திருந்த கிளிட்டஸின் கை மேல் வைத்தான்.

"இல்லண்ணே. எனக்காகச் சொல்றீங்க. நான் சொல்லியிருந்தா நீங்க செஞ்சிருப்பீங்கண்ணே."